கீரைப் பாத்தியும் நாள்காட்டியும்: கெடா தோட்டப் பள்ளிகள் தரும் ஒரு வரலாற்றுப் பாடம்



முதலாம் ஆண்டில் 'காலமும் நேரமும்' நடத்தியவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். ஜனவரி முதல் டிசம்பர் வரை பிள்ளை மூச்சு விடாமல் ஒப்பிக்கும். "சரி, இன்னையிலிருந்து பத்து நாள் கழிச்சு என்ன தேதி?" என்று கேட்டால் மேலே கூரையைப் பார்க்கும். மாதப் பெயர்கள் பாட்டாகவே மனத்தில் பதிந்துவிடுகின்றன. நாளை எண்ணும் திறன் அப்படிப் பதிவதில்லை. நேற்று, நாளை, அடுத்த வாரம் எல்லாம் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்குக் கையில் பிடிபடாத சொற்கள்.

இதற்கு நம்மில் பலர் கண்டிருக்கும் வழி, ஒரு பாத்தி போட்டு விதை ஊன்றுவது. விதைத்த நாள், முளைத்த நாள், பறித்த நாள் என்று பிள்ளையே எழுதும்போது நாள்காட்டிக்கு ஓர் அர்த்தம் வந்துவிடுகிறது. ஆனால் கெடாவில் ஒரு தமிழ்ப் பள்ளிப் பிள்ளையின் கையில் மண்வெட்டியைக் கொடுப்பதற்கு முன், அந்த மண்வெட்டிக்கும் நமக்கும் உள்ள வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கட்டுரை அதைத்தான் பேசுகிறது.

ஒரு தாயின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளோடு கங்கோங் பாத்தி போட்டோம். மறுநாள் காலையில் ஓர் அம்மா வாசலில் நின்றார். பால்மரம் சீவிய கை அது, பார்த்தாலே தெரிந்தது. "சார், நாங்கதான் காட்டுல கெடந்தோம். எம்புள்ளையும் மம்முட்டி புடிக்கணுமா? படிக்கத்தானே அனுப்புறேன்" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. அன்றைக்கு என்னிடம் சரியான பதிலும் இல்லை. பிறகு தேடிப் படித்தபோதுதான் அந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருஷம் இருக்கிறது என்று புரிந்தது.

பள்ளித் தோட்டம் எதற்காக வந்தது?

பள்ளியில் தோட்டம் என்ற எண்ணம் முதலில் பிள்ளையை உயர்த்தத்தான் வந்தது. ஜெர்மனியில் ஃபிரெட்ரிக் ஃபுரோபல் 1837-இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சிறு பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம் என்று பெயர் வைத்தார். அது வெறும் உவமை அல்ல. ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி, எல்லோருக்கும் பொதுவாகச் சில பாத்திகள் என்று அவர் திட்டம் வகுத்தார். விதைத்தவன் காத்திருக்கக் கற்கிறான், பார்த்ததை ஒப்பிடக் கற்கிறான் என்பது அவர் நம்பிக்கை.

மலாயாவுக்கு வந்தபோது அதே தோட்டத்துக்கு வேறு நோக்கம் சேர்ந்துகொண்டது. 1916-இல் ஆர். ஓ. வின்ஸ்டெட் ஜாவாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போய் அங்குள்ள தாய்மொழிப் பள்ளிகளைப் பார்த்து வந்தார். 1917-இல் வெளிவந்த அவருடைய அறிக்கை, மலாய்ப் பள்ளிகளில் தோட்ட வேலைக்கும் கூடை முடைவதற்கும் முக்கிய இடம் கொடுத்தது. 1922-இல் தஞ்சோங் மாலிமில் திறக்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலும் விவசாயம் ஒரு முக்கியப் பாடம். அன்றைய ஆட்சியாளரின் எண்ணம் வெளிப்படையானது. உழவன் மகன் அப்பனைவிடக் கொஞ்சம் விவரமான உழவனாக வந்தால் போதும், அதற்கு மேல் படித்துவிட்டு எழுத்தர் வேலை கேட்டு வரக் கூடாது. அங்கே தோட்டம் ஒரு கல்விமுறையாகவும் இருந்தது, ஒரு வேலியாகவும் இருந்தது.

இந்தத் திட்டம் மலாய்ப் பள்ளிகளுக்கானது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கு அந்த அளவு அக்கறைகூடக் கிடைக்கவில்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அது கூட்டாட்சி மலாய் மாநிலங்களுக்கான சட்டம். கெடா அந்தக் கூட்டாட்சியில் சேராத மாநிலம். 1909-ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கைக்குப் பிறகு பிரிட்டிஷ் ஆலோசனைக்குக் கீழ் வந்தாலும், தனக்கென்று தனிச் சட்டங்களை வைத்திருந்தது. தேர்வெழுதும் மாணவர்கள் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பொதுவாகத் தோட்டப் பள்ளி என்றால் ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், பல வகுப்புகள். சில இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். படிப்பு முடிந்த பிள்ளை எங்கே போவான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பெரட்டுக்குத்தான் போவான்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே அச்சம் இருந்தது. 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழில் வழியாகவே கணக்கும் மொழியும் கற்பிக்கலாம் என்றது. நல்ல எண்ணம்தான். ஆனால் 1953-இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து மீதி நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றபோது, மக்கள் அதைக் 'குலக்கல்வி' என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954-இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத்தான் தைக்க வேண்டுமா என்ற கேள்வியும், பள்ளி வாசலில் அந்த அம்மா கேட்ட கேள்வியும் ஒன்றுதான்.

ஆகவே, பிள்ளை கையில் மண்வெட்டி இருப்பது தன்னளவில் நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. கூடவே பென்சில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

தோட்டத்துப் பிள்ளைக்கு நாள் சொன்னவை

அன்றைய தோட்டத்துப் பிள்ளைக்கு நாள் கணக்கு தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. அவனைச் சுற்றி நாலைந்து நாள்காட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.

முதலாவது, கிராணியின் செக்ரோல். யார் வந்தார், யார் வரவில்லை என்பது நாள்தோறும் அதில் விழும். சம்பள நாள் அதிலிருந்துதான் பிறக்கும். வீட்டில் எல்லோரும் எண்ணிக் காத்திருந்த தேதி அது. ஆனால் அந்தப் புத்தகம் தொழிலாளியின் கையில் இருக்கவில்லை.

இரண்டாவது, பால்மரம். ஒருநாள் விட்டு ஒருநாள் சீவும் மரத்தில் ஒற்றைப்படை, இரட்டைப்படைக் கணக்கு தானாக வந்துவிடும். வருஷக் கணக்கும் மரத்தில் இருந்தது. வடக்கு மாநிலமான கெடாவில் ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சி. அந்தச் சமயத்தில்தான் கித்தா மரம் இலை கொட்டும், பால் குறையும், வருமானமும் குறையும். 'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்பது காவிரிக் கரையில் அறுவடைக் காலத்துப் பேச்சு. கெடா லயத்தில் பொங்கல் பானை பொங்கிய அதே மாதத்தில்தான் கை இறுகத் தொடங்கும். பழமொழி கப்பலேறி வந்தது, பருவம் கூடவே வரவில்லை. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே எந்த மாதத்தில் மழை என்று பார்த்துத்தான் விதைக்க வேண்டும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கெடாவில் நல்ல மழை.

மூன்றாவது, வயல். தோட்டத்தைத் தாண்டி வடக்கே போனால் கெடா சமவெளி. முன்பு அங்கே மழையை நம்பி வருஷத்துக்கு ஒரு போகம்தான். 1966-இல் வேலை தொடங்கி 1970-இல் முடிந்த மூடா நீர்ப்பாசனத் திட்டம் அதை இரண்டு போகமாக்கியது. நீர்ப்பாசனத் திட்டம் ஒன்று ஒரு மாநிலத்தின் நாள்காட்டியையே மாற்றிய கதை இது. புவியியல், வரலாறு இரண்டுக்கும் உதவும் எடுத்துக்காட்டு.

நான்காவது, கோயில். மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடும் வழக்கம் உள்ள இடங்களில் என்ன செய்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? திருவிழா நாளை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி விதை போடும் நாளை முடிவு செய்கிறார்கள். இன்றைய கணிதப் பாடத்தில் பிள்ளைகளுக்கு மிகக் கடினமாக இருக்கும் பின்னோக்கி எண்ணுதலை, நம் பாட்டிமார் நவதானியத்தை வைத்துச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

ஐந்தாவது, மாநிலத்தின் வாரம். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பள்ளி ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். பக்கத்துப் பினாங்கில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு ஞாயிறு ஓய்வு, கூலிமில் படிக்கும் மகளுக்கு அன்றைக்குத்தான் வாரத்தின் முதல் பள்ளி நாள். 'சனி, ஞாயிறு விடுமுறை' என்று எழுதிய பயிற்றுத் தாளை எங்கிருந்தாவது எடுத்துக் கொடுத்தால், கெடா பிள்ளை தவறு செய்வதில் வியப்பில்லை. அதைத் திருத்தாதீர்கள், தாளைத் திருத்துங்கள்.

2602, 2486: கீரை அறியாத ஆண்டுகள்

நாள்காட்டி என்பது இயற்கை தந்தது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதிகாரமும் அதை எழுதும் என்பதற்குக் கெடாவைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவுக்குள் நுழைந்தது. அடுத்த ஆண்டு 1942 என்று எழுத வேண்டிய இடத்தில் 2602 வந்தது. அது ஜப்பானியப் பேரரசின் ஆண்டுக் கணக்கு. கடிகாரமும் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளப்பட்டது. 1943 அக்டோபரில் ஜப்பான் கெடாவை, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானுவோடு சேர்த்துத் தாய்லாந்தின் நிர்வாகத்துக்குக் கொடுத்தது. தாய்லாந்தில் அப்போது பௌத்த ஆண்டு 2486. மலாய் அண்டை வீட்டாருக்கு ஹிஜ்ரி 1362. பஞ்சாங்கம் பார்க்கும் தமிழருக்குச் சுபானு வருஷம். 1945-இல் பிரிட்டிஷார் திரும்பியதும் மறுபடி 1945.

அந்தக் காலத்தில் அரிசி கிடைக்கவில்லை. மரவள்ளிதான் சோறு. உணவுப் பயிர் போடச் சொல்லி எங்கும் உத்தரவு. பள்ளித் திடல்களும் காய்கறிப் பாத்தியாயின. அங்கே பிள்ளைகள் மண்வெட்டி பிடித்தது பாடத்துக்காக அல்ல, பசிக்காக. தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட அப்பாமார் எப்போது திரும்புவார்கள் என்பதற்கு எந்த நாள்காட்டியிலும் தேதி இல்லை. பலர் திரும்பவே இல்லை.

இவ்வளவு மாற்றத்திலும் ஒன்று மட்டும் மாறவில்லை. கீரைக்கு 2602-ம் தெரியாது, 2486-ம் தெரியாது. விதைத்து ஏறக்குறைய நான்கு வாரத்தில் பறிக்கலாம். ஆண்டுக்கு என்ன எண் என்பதை அரசு முடிவு செய்யலாம். முளைக்க எத்தனை நாள் என்பதை முடிவு செய்ய முடியாது. நாள்காட்டியைச் செடியிலிருந்து தொடங்கச் சொல்வது இதனால்தான். பிள்ளை முதலில் நாளை எண்ணட்டும், பிறகு அதற்கு உலகம் வைத்த பெயர்களைக் கற்கட்டும்.

நம் காலத்திலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. ஜனவரியில் தொடங்கிய பள்ளி ஆண்டு 2022-இல் மார்ச்சுக்குப் போனது, 2026-இல் மறுபடி ஜனவரிக்கே வந்தது. பருவம் அங்கேயேதான் இருந்தது.

வகுப்பில் செய்வது எப்படி?

இன்று கெடாவில் ஐம்பதுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. பல பள்ளிகளின் பெயரில் இன்னும் 'தோட்டம்' ஒட்டியிருக்கிறது, பிள்ளைகளோ தாமானிலும் அடுக்குமாடியிலும் வளர்கிறார்கள். கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டார்கள், பிறகு நிலமே வீடமைப்புக்குப் போனது. அந்தப் பழைய நாள்காட்டிகளில் பெரும்பாலானவை பிள்ளையின் கண்ணிலிருந்து மறைந்துவிட்டன. ஒரு பாத்தியோ நாலு பழைய வாளியோ போதும், ஒரு பகுதியை மீட்கலாம்.

*பயிரை அளவுகோலாக எடுங்கள்.* பச்சைப் பயறு முளைக்க 2 அல்லது 3 நாள்: இது 'நேற்று, இன்று, நாளை'. கங்கோங் 25 முதல் 30 நாள்: இது மாதம். வெண்டை முதல் காய்க்கு ஏறக்குறைய 50 நாள்: இது மாதத்தைத் தாண்டி எண்ணுவதற்கு. மஞ்சள் 8 அல்லது 9 மாதம்: பொங்கல் பானையில் கட்ட மஞ்சள் கொத்து வேண்டுமென்றால் மே மாதம் நட வேண்டும் என்று பின்னோக்கி எண்ணச் செய்யலாம். கித்தா சீவ 5 முதல் 7 வருஷம். முதலாம் ஆண்டில் பிள்ளை பள்ளிக்கு வந்த அன்று நட்ட மரம், அவன் ஆறாம் ஆண்டு முடிக்கும்போதுதான் பால் தரத் தயாராகும். இதைச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் சட்டென்று அமைதியாகிவிடுவார்கள்.

*கணக்கு இப்படி.* 2026-இல் கெடாவில் பள்ளி தொடங்கிய ஜனவரி 11, ஞாயிறு அன்று கங்கோங் விதைத்ததாக வைப்போம். 28 நாள் கழித்து என்ன தேதி? பிப்ரவரி 8, அதுவும் ஞாயிறு. ஏன் அதே கிழமை? நாலு வாரம் சரியாக முடிந்தது. அதே நாளில் ஊன்றிய வெண்டைக்கு 50 நாள்? மார்ச் 2, திங்கள். ஏழு வாரமும் ஒரு நாளும். இங்கே சில பிள்ளைகள் 'ஜனவரி 32' என்று எழுதும். சிரிக்க வேண்டாம். மாதத்துக்கு எல்லை உண்டு என்பதை அந்தப் பிள்ளை அப்போதுதான் தானாகக் கண்டுபிடிக்கப் போகிறது.

*விதைத்த நாள் ஒன்றா, பூஜ்யமா?* இதுதான் அடிக்கடி வரும் பிழை. நம் வீடுகளில் பதினாறாம் நாள் காரியம், முப்பதாம் நாள் என்றெல்லாம் எண்ணும்போது முதல் நாளையும் சேர்த்தே எண்ணுவோம். பாடநூல் கணக்கில் 'கழித்து' என்றால் மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். பாட்டி சொல்லும் எண்ணும் ஆசிரியர் சொல்லும் எண்ணும் ஒன்று வித்தியாசப்படும். இரண்டும் சரியே, எண்ணும் முறைதான் வேறு என்று விளக்குங்கள். பாட்டியைத் தப்பாக்க வேண்டாம்.

*விடுமுறையை மறக்காதீர்கள்.* வெள்ளி, சனி யார் தண்ணீர் ஊற்றுவது? வியாழன் மதியமே நன்றாக ஊற்றி, காய்ந்த புல்லை மேலே பரப்பலாமா? பள்ளி விடுமுறையில் அறுவடை விழாமல் எந்த நாளில் விதைக்கலாம்? பள்ளி நாள்காட்டியைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அவர்களையே முடிவு செய்ய விடுங்கள். நாள்காட்டியை உண்மையாகப் பயன்படுத்துவது அதுதான்.

*பொய்த் தேதி எழுத விடாதீர்கள்.* முளைக்கவில்லையா, 'ஐந்தாம் நாள், முளைக்கவில்லை' என்றே எழுதட்டும். கோழி கிளறிவிட்டதா, அதையும் எழுதட்டும். மறுபடி விதைத்தால் புதிய தேதி. எல்லாம் சரியாக நடந்ததாக எழுதிய குறிப்பேட்டைவிட, தவறிய நாளும் பதிவான குறிப்பேடு பிள்ளைக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

அந்த அம்மாவுக்கான பதில்

மகன் மண்வெட்டி பிடிக்கவா வந்தான் என்று கேட்டவருக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். மகனின் குறிப்பேட்டைக் காட்டுவேன். 'ஜனவரி 11, ஞாயிறு, விதைத்தேன். ஜனவரி 14, புதன், முளைத்தது. 3 நாள்.' அவ்வளவுதான் எழுதியிருக்கும், எழுத்துகூடக் கோணலாக இருக்கும். ஆனால் செக்ரோலில் அவருடைய நாளை வேறு யாரோ எழுதினார்கள். இங்கே மகன் தன் நாளைத் தானே எழுதுகிறான்.

மண்ணைத் தொடும் வேலைக்குப் பிறகு பிள்ளையிடம் ஓர் எழுத்தும் ஒரு கணக்கும் மிஞ்சவில்லை என்றால், அந்த அம்மா கேட்டது நியாயம்தான். அந்த நாளில் தோட்டத்தை விட்டுவிட்டு வகுப்புக்குத் திரும்பிவிடுங்கள்.

தேர்வு மாணவர்களுக்கு: நினைவில் கொள்ள வேண்டிய ஆண்டுகள்

1837–1840: ஃபுரோபலின் குழந்தைத் தோட்டம்
1909: பாங்காக் உடன்படிக்கை, கெடா பிரிட்டிஷ் ஆலோசனைக்குக் கீழ்
1917: வின்ஸ்டெட் அறிக்கை
1922: சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி
1923: கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டம்
1937: வார்தா, ஆதாரக் கல்வி
1943: கெடா தாய்லாந்து நிர்வாகத்துக்குக் கீழ்
1953–1954: சென்னை மாநிலத்தில் 'குலக்கல்வி' எதிர்ப்பும் கைவிடலும்
1966–1970: மூடா நீர்ப்பாசனத் திட்டம்

வகுப்பில் கலந்துரையாட

1. ஃபுரோபலின் தோட்டத்துக்கும் வின்ஸ்டெட் அறிக்கை சொன்ன தோட்டத்துக்கும் நோக்கத்தில் என்ன வேறுபாடு?
2. ஒரே ஆண்டுக்கு 1943, 2486, ஹிஜ்ரி 1362, சுபானு என்று நான்கு பெயர்கள் இருந்தது கெடாவின் வரலாற்றைப் பற்றி என்ன சொல்கிறது?
3. உங்கள் பாட்டி தாத்தாவிடம் கேளுங்கள்: தோட்டத்தில் இருந்தபோது சம்பள நாளையும் திருவிழா நாளையும் எதை வைத்து எண்ணினார்கள்? கேட்ட தேதியோடு எழுதி வாருங்கள்.